5 வயதுப் பேரனோடு சிங்கப்பூர் யூனிவர்சல்: எக்ஸ்பிரஸ் பாஸுக்கு முன்னால் ஒரு கடிதம்

மதுரையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவருக்கு வயது 63, கணவருக்கு 68. லீவில் 5 வயதுப் பேரனை சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு இவர்கள் இருவர் மட்டும் கூட்டிப் போகிறார்கள், மகளுக்கும் மருமகனுக்கும் விடுப்பு கிடைக்கவில்லை. ரைடு வரிசையில் காத்திருக்காமல் ஏறுவதற்கான எக்ஸ்பிரஸ் பாஸ் மூன்று பேருக்கும் கட்டாயம் என்கிறாராம் ஏஜென்ட், சிங்கப்பூருக்குள் நுழையுமுன் நிரப்பும் அரைவல் கார்டுக்கு வேறு ஆளுக்கு 1,500 ரூபாய். பையன் உயரம் 103 சென்டிமீட்டர். "இவ்வளவு கட்டியும் ரைடில் ஏற்றாமல் விட்டுவிட்டால்?" என்பதுதான் அவர் கவலை.

அம்மா, முதலில் அந்த 1,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். எஸ்ஜி அரைவல் கார்டு இலவசம். சிங்கப்பூர் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் இணையதளத்தில், போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும், மகள் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார். கூகுளில் தேடினால் அரசாங்கத் தளம் மாதிரியே தெரிகிற தனியார் தளங்கள் மேலே வந்து நிற்கும், கார்டு நம்பர் கேட்டாலே மூடிவிடுங்கள். விசா வேறு விஷயம். அதற்கு ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், குழந்தைக்கும் தனியாக உண்டு, நிராகரித்தால் திரும்ப வராது. அதன்மேல் ஏஜென்ட் சேவைக் கட்டணம் வாங்குவது நியாயம்தான், ஆனால் எது விசா கட்டணம், எது தன் கூலி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கே சொந்தக்காரரோ தெரிந்தவரோ இல்லாத நம் ஊர் ஆட்கள் நேரடியாக விண்ணப்பிக்கவே முடியாதபடி வைத்திருப்பதால்தான் இத்தனை வசூலும் நடக்கிறது, இருபது வருடமாகப் பார்க்கிறேன், எரிச்சல்தான் மிச்சம்.

எக்ஸ்பிரஸ் பாஸ் நுழைவுச்சீட்டு இல்லை, அதற்கு மேல் தனியாக வாங்குவது. உங்களுக்குத் தேவையில்லை. பேரன் ஏற முடியாத பெரிய ரைடுகளுக்கு வரிசையைத் தாண்டி என்ன செய்யப் போகிறீர்கள்? மம்மிக்கு 122, கேலக்டிகாவுக்கு 125, ஜுராசிக் ரேப்பிட்ஸுக்கு 107 சென்டிமீட்டர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, அதற்குப் பையனின் உயரம் போதும். ஆனால் 122-க்குக் கீழே இருக்கும் குழந்தையோடு பெரியவர் ஒருவர் கூடவே ஏற வேண்டும். அந்த வண்டி குலுக்குகிற குலுக்கலில் இதயக்கோளாறு, கழுத்துவலி, முதுகுவலி உள்ளவர்கள் ஏறவே கூடாது. உங்கள் இருவருக்குமே முடியாதென்றால் பேரனுக்கும் கிடையாது, இதை எந்த ஏஜென்டும் சொல்வதில்லை. ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸுக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை, கூட உட்கார்ந்தால் போதும். கனோபி ஃபிளையருக்கு 92 போதும். 2025-ல் திறந்த மினியன் லேண்டில் பகி பூகி ராட்டினம் இருக்கிறது, அங்கே காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். மதியம் இடி மின்னல் வந்தால் வெளியே உள்ள ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அப்புறம், உங்கள் இருவருக்கும் 60 தாண்டியோர் டிக்கெட் உண்டு, பாதி ஏஜென்டுகள் அடல்ட் என்று போட்டு வித்தியாசத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. பெற்றோர் இல்லாமல் குழந்தையைக் கூட்டிப் போகிறீர்கள். பேரன் பாஸ்போர்ட்டில் இருப்பது அப்பா அம்மா பெயர், உங்கள் பெயர் எங்கேயும் இல்லை. இந்தக் குழந்தைக்கு நீங்கள் யார் என்று கவுண்டரில் கேட்டால் வாயால் சொல்லிப் பயனில்லை. அதனால் மகளும் மருமகனும் சம்மதக் கடிதம் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கித் தரட்டும். ஆங்கிலத்தில், பயணத் தேதி, தங்கும் இடம், மூவரின் பாஸ்போர்ட் எண், இருவரின் போன் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதுமா என்று எல்லோரும் கேட்பார்கள், இருவரும் இருக்கும்போது இருவரும் போடட்டும். கூடவே பேரனின் பிறப்புச் சான்றிதழ். அது பேரனையும் மகளையும்தான் சேர்க்கும். மகளையும் உங்களையும் சேர்ப்பது எது? மகளின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், அங்கே அம்மா பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர் அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தின் நகல் போதும். உங்கள் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்திருந்து அங்கே விரியாமல் இருந்தால் மகளின் பிறப்புச் சான்றிதழையும் வைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்குக் கொடுக்கும்போதே இதையெல்லாம் ஏஜென்டிடம் சேர்த்துக் கொடுங்கள், இரண்டாவது செட்டை கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.