தொடைக் கட்டிக்குக் கீமோவோடு வெப்ப சிகிச்சை: பரவுமா?

அப்பாவின் தொடையில் 9 செ.மீ. சார்கோமா (தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுக்கட்டி), கீமோவோடு வெப்ப சிகிச்சையும் தரலாம் என்கிறார்கள், சூட்டில் அது பரவிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் புரிகிறது. கட்டி இருக்கும் பகுதியை மட்டும் 40 முதல் 43 டிகிரி வரை சுமார் ஒரு மணி நேரம் சூடாக்குவார்கள். ரத்த ஓட்டம் கூடி மருந்து உள்ளே நன்றாகச் சேரும். புற்றுச்செல் தன் சேதத்தைச் சரிசெய்துகொள்வதும் தடைபடும். ஆழமான, 5 செ.மீ.க்குக் குறையாத, வீரியமுள்ள கட்டியோடு இருந்த 341 பேரிடம் நடந்த ஆய்வில் பரவல் கூடவில்லை. 2018இல் வந்த நீண்டகால முடிவில், பத்தாண்டு உயிர்வாழ்வு கீமோ மட்டும் பெற்றவர்களில் 42.7 சதவீதம், வெப்பமும் சேர்ந்தவர்களில் 52.6. என் பார்வையில் இது பெரிய வித்தியாசம், தயங்காமல் மருத்துவரிடம் விரிவாகப் பேசுங்கள். பேஸ்மேக்கரோ காலில் உலோகத் தகடோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், இதற்குப் பதிலாக வீட்டில் ஒத்தடம் கொடுக்கவே வேண்டாம்.