35 டொலர் கேட்கும் கட்டுரையைக் காசில்லாமல் வாசிப்பது எப்படி?

திருகோணமலையிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: ஆய்வுக் கட்டுரை இணையத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, திறக்க முடியவில்லை. நூலகத்திலேயே காலம் கழித்தவன் என்பதால் இந்தக் கவலை எனக்கு நன்றாகத் தெரியும். சிலவற்றுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். ஆவாரை பற்றிய ஒரு கட்டுரை இறுதியாண்டு ஆய்வுக்குக் கட்டாயம் வேண்டும். 35 டொலர் கேட்கிறது. அப்பாவிடம் கேட்கலாமா?

கேட்க வேண்டாம் தங்கச்சி. அந்தக் காசு பதிப்பகத்துக்குத்தான் போகும், எழுதியவர் கைக்கு வராது.

முதலில் கட்டுரையின் முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். முடிவின் அருகில் பிடிஎஃப் என்று ஓர் இணைப்பு வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால், கீழே 'ஆல் வேர்ஷன்ஸ்' என்று இருப்பதை அழுத்திப் பாருங்கள். எழுதியவரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் அதே கட்டுரையின் கைப்பிரதி இருக்கக்கூடும். பக்க அமைப்பு வேறாக இருக்கும், விஷயம் அநேகமாக அதேதான். கணினியில் தேடுவதானால் அன்பேவால் என்ற சிறு நீட்சியை உலாவியில் சேர்த்து வையுங்கள். சட்டப்படி இலவசமாக எங்காவது பிரதி இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு தோன்றும். மருத்துவக் கட்டுரை என்பதால் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச மருத்துவக் களஞ்சியத்தையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது, அங்கே இருப்பதெல்லாம் முழுக் கட்டுரைகள்.

இன்னொன்று, இதைப் பலர் தவற விடுகிறார்கள். ஆவாரையை இப்போது சென்னா ஆரிக்குலேட்டா என்கிறார்கள். பழைய கட்டுரைகளில் அதே செடி காசியா ஆரிக்குலேட்டா. இரண்டு பெயரிலும் தேடாவிட்டால் பாதி உங்கள் கண்ணில் படாது.

எதுவும் சரிவரவில்லையா, எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். முகவரி கட்டுரையின் முதல் பக்கத்தில் இருக்கும், பூட்டிய கட்டுரையிலும் அந்தப் பகுதி பெரும்பாலும் தெரியும். நாலு வரி போதும்: நீங்கள் யார், எங்கே படிக்கிறீர்கள், எந்தக் கட்டுரை, எதற்கு. ஒரு மாணவி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கீறல் விழுந்த போனில் அப்படி ஒரு மடல் எழுதினாள். மறுநாள் காலை வந்து காட்டினாள்: கேட்டது ஒன்று, கூடவே அதே செடி பற்றி இன்னும் மூன்று கட்டுரை, கடைசியில் "முடிவு வந்ததும் எனக்கும் அனுப்புங்கள்" என்று ஒரு வரி. தன் கட்டுரையை ஒருவர் தேடி வாசிக்கிறார் என்பதில் ஆய்வாளருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. கூச்சப்படாதீர்கள்.

ஒரு வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறேன். ஹினாரியில் என் பெயரில் பதியலாமா?

தனி ஆளாகப் பதிய முடியாது. நிறுவனம்தான் பதிய வேண்டும்.

ஹினாரி என்பது, வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ திறந்துவிடும் திட்டம். 2002இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு பெரிய பதிப்பகங்களோடு சேர்ந்து தொடங்கியது. பிறகு விவசாயத்துக்கு அகோரா, சுற்றாடலுக்கு ஓஏஆர்ஈ, தொழில்நுட்பத்துக்கு ஆர்டி, சட்டத்துக்கு கோலி என்று வந்தன. ஐந்தும் இன்று ரிசர்ச்ஃபோர்லைஃப் என்ற ஒரே குடையின் கீழ். பல்கலைக்கழகம், வைத்தியசாலை, தாதியர் கல்லூரி, அரச அலுவலகம், உள்ளூர்த் தொண்டு நிறுவனம் எல்லாம் விண்ணப்பிக்கலாம். நாடுகளை இரண்டு குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் குழுவுக்கு இலவசம், இரண்டாவதற்குக் குறைந்த ஆண்டுக் கட்டணம். இந்தப் பட்டியல் மாறுவதுண்டு. அதனால் யாரோ எப்போதோ சொன்னதை நம்பாமல் அவர்களுடைய தளத்திலேயே பாருங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் நிறுவனம் ஏற்கெனவே பதிந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். நான் பார்த்த ஓர் இடத்தில் கடவுச்சொல் ஒரு கோப்பில், ஓய்வு பெற்றுப் போன ஒருவரின் கையெழுத்தில் இருந்தது. அங்கே வேலை செய்த எவருக்கும் அது தெரியாது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை. அந்த வருடங்களில் எத்தனை பேர் வாசிக்காமலே விட்டிருப்பார்கள்! பதிந்திருந்தால் ஊழியர் எல்லோருக்கும் அதைப் பயன்படுத்த உரிமை உண்டு. பதியவில்லை என்றால் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வார்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கும் நண்பனின் கடவுச்சொல்லைப் பாவிக்கலாமா?

வேண்டாம் தம்பி. கண்டுபிடித்தால் அந்த நிறுவனத்தின் அணுகலையே நிறுத்தலாம். ஒருவருக்காக அத்தனை மாணவர்களுக்கும் கதவு மூடிவிடும்.

மூன்றே நாளில் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக ஒரு சஞ்சிகை எழுதியிருக்கிறது. 200 டொலர் கட்டச் சொல்கிறது. நம்பலாமா?

நம்ப வேண்டாம். மதிப்பீட்டாளர்கள் ஒழுங்காக வாசித்துக் கருத்து எழுத மூன்று நாள் போதாது. என் ஆரம்ப காலக் கட்டுரை ஒன்றை நானும் இப்படி ஒரு சஞ்சிகைக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு வருடத்தில் தளமே காணாமல் போனது, கட்டுரையும் அதோடு போனது. காசைவிட அதுதான் வலித்தது.

திறந்த அணுகல் சஞ்சிகை, அதாவது யாரும் காசில்லாமல் வாசிக்கக்கூடியது என்று சொன்னால், அப்படிப்பட்ட சஞ்சிகைகளைச் சரிபார்த்துத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல சஞ்சிகைகளிலும் சில கட்டணம் கேட்கும். அவற்றில் பல, வருமானம் குறைந்த நாடுகளிலிருந்து எழுதுவோருக்குத் தள்ளுபடியோ முழு விலக்கோ தருகின்றன. கட்டுரையை அனுப்பும்போதே கேட்டுவிடுங்கள், ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் சிரமம். நம் நாட்டுச் சஞ்சிகைகள் 'ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. முதல் கட்டுரைக்கு அங்கே ஒன்றைத் தேர்ந்தால், இங்கே அதே விஷயத்தில் வேலை செய்பவர்கள் காசு கொடுக்காமல் வாசிப்பார்கள்.

நிலாவெளியில் படகு ஓட்டுகிறோம். புறாத்தீவுப் பவளப்பாறை பற்றிய ஆய்வுகள் எங்கே கிடைக்கும்? எங்கள் சங்கத்தில் யாருக்கும் ஆங்கிலம் அவ்வளவு வராது.

ஐயா, நீங்கள் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்தப் பாறையைத் தினமும் பார்ப்பவர்கள் நீங்கள்.

ஆங்கிலத்தில் 'பிஜன் ஐலண்ட்' என்று தேடச் சொல்லுங்கள். 2003இல்தான் அது தேசிய பூங்கா ஆனது, அதனால் அதற்கு முந்தைய ஆய்வுகளுக்குத் 'டிரிங்கோமலி' என்று ஊர்ப்பெயர் போட்டும் பார்க்க வேண்டும். நான் மேலே சொன்ன இலங்கைச் சஞ்சிகைத் தளத்தையும், கடல்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவின் வெளியீடுகளையும் பாருங்கள். கட்டுரை முழுவதையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. சுருக்கம், படங்கள், கடைசிப் பகுதி, இந்த மூன்றையும் தமிழில் சொல்ல ஒரு வளாக மாணவர் ஒரு பின்னேரம் வந்தால் போதும். கட்டுரையில் இருக்கும் வரைபடத்தை மட்டும் பெரிதாக அச்செடுத்து வையுங்கள். எந்த இடத்தில் பாறை வெளுத்தது, எப்போது வெளுத்தது என்று உங்கள் ஆட்கள் அதில் குறித்துத் தந்தால், அந்த மாணவருக்கு அடுத்த ஆய்வு அங்கேயே தொடங்கிவிடும்.