கயிற்றைக் கண்டாலே ஓடும் குட்டி

தம்பி, இரண்டு வயதுக் குதிரை கயிற்றைக் கண்டதும் வேலியோரம் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். சரி, முதலில் கயிற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வந்துவிட்டால் எந்தக் குட்டியும் நிலைகொள்ளாது, விடிந்ததுமே போங்கள். வேலிக்கு வெளியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம். காது உங்கள் பக்கம் திரும்பியதும் எழுந்து விலகிவிடுங்கள். அந்த விலகல்தான் அதற்குக் கூலி, கேரட் இல்லை.

அப்புறம் உள்ளே போகும்போது தோள் பக்கமாகப் போங்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. முதல் தொடுதல் முகத்தில் கூடாது. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரலால் சொறியுங்கள்; குதிரைகள் ஒன்றையொன்று கடித்துச் சொறிந்துகொள்ளும் இடம் அது. மேலுதடு நீண்டு துடித்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நான் ஒருமுறை மூன்றாம் நாளே கயிறு மாட்டப் போய், வேலிக்கட்டை உடைந்ததுதான் மிச்சம்.