புல்லட்டின் ‘டுக்... டுக்’ சைலன்சரில் இருக்கிறதா?

கேள்வி: என்னிடம் 2022 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இருக்கிறது. வண்டியில் எந்தக் குறையும் இல்லை, சத்தம் மட்டும் மனசுக்கு ஒட்டவில்லை. அப்பா 1988-ல் வாங்கிய புல்லட் தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குள் கேட்கும். அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார். அந்த ‘டுக் டுக்’ என் வண்டியில் வர வேண்டும். கடையில் சைலன்சர் கேட்டால் இந்தோரி, பஞ்சாப், கோல்ட்ஸ்டார், ஷார்ட் பாட்டில் என்று ஏகப்பட்டது காட்டுகிறார்கள். எதை வாங்குவது? பவர் கூடுமா, மைலேஜ் விழுமா, போலீஸ் பிடிப்பார்களா? (அப்பாவின் வண்டி பதினொரு வருஷமாகக் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது, ஸ்டார்ட் ஆகாது.)
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே ஒரு வரி, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்போம்.

ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவைதான் பெட்ரோல் எரியும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் எரிந்த புகை ஒரே மூச்சில் பைப்புக்குள் பாயும். அந்த ஒரு பாய்ச்சல்தான் ஒரு ‘டுக்’. உங்கள் கிளாசிக் ஐடிலிங்கில், அதாவது நின்றபடி சும்மா ஓடும்போது, நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றை ஒட்டி ஓடும். அப்படியென்றால் விநாடிக்கு எட்டு, ஒன்பது டுக். அப்பாவின் வண்டியைக் கை தேர்ந்த மெக்கானிக் யாராவது 600, 700 சுற்றுக்கு இறக்கி வைத்திருப்பார். விநாடிக்கு ஐந்து, ஆறுதான். விநாடிக்கு ஏறக்குறைய 20 தட்டு வரை நம் காது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும். அதைத் தாண்டினால் எல்லாம் கலந்து ஒரே ஒலியாகிவிடும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி கிடைக்கிறதோ அவ்வளவு நிதானமாகக் கேட்கும். ‘கெத்து’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த இடைவெளியைத்தான்.

அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் எப்படி அவ்வளவு மெதுவாக ஓடியும் அணையாமல் நின்றது? உள்ளே கிராங்க்கோடு சுற்றும் ஃப்ளைவீல் என்ற சக்கரம் அவ்வளவு கனம். ஒரு தடவை தள்ளிவிட்டால் அடுத்த வெடிப்பு வரும்வரை தன் பாரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கம்ப்ரஷன் குறைவு, போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. பெட்ரோல் கார்புரேட்டரில் வரும், தீப்பொறி பாயின்ட் செட்டில் பிறக்கும். இரண்டும் ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரம் மாதிரி ஒரே அளவாக வேலை செய்யாது. அதனால் ஒரு டுக் கொஞ்சம் பலமாக வரும், அடுத்தது சன்னமாக, அதற்கடுத்தது துளி தயங்கி வரும். மனுஷன் நடக்கிற மாதிரி.

உங்கள் வண்டியில் இருப்பது 2020-ல் மீட்டியார் 350 பைக்கோடு வந்த ஜே சீரீஸ் இன்ஜின். போர் 72, ஸ்ட்ரோக் 85.8 மி.மீ., அதிர்வைக் குறைக்க பேலன்சர் ஷாஃப்ட், பெட்ரோலுக்கு ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். ஐடிலிங் எத்தனை சுற்று என்பதை இசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகி இறக்க முடியாது. சைலன்சரை மாற்றினாலும் விநாடிக்கு அதே எட்டு, ஒன்பது டுக்தான் வரும், அதே சீரில் வரும், உரக்க வரும். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் பாட்டு மாறிவிடுமா?

ஆக, நீங்கள் தேடுவது எந்தச் சைலன்சரிலும் இல்லை. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

சரி, அப்படியும் மாற்றினால் என்ன ஆகும்? போன வருஷம் என் பட்டறையில் இரண்டு சைலன்சர்களை நீளவாக்கில் கிரைண்டரால் அறுத்து மேசையில் வைத்தேன், வருகிற பையன்கள் பார்க்கட்டும் என்று. ஒன்று கம்பெனி சைலன்சர். உள்ளே தடுப்புத் தகடுகள், நடுவே அறைகள், ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் குழாய்கள். புகை முன்னே போய், திரும்பி வந்து, மறுபடி முன்னே போய்த்தான் வெளியேற முடியும். அந்த அறைகளில் ஒலி அலை சுவரில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையைத் தானே தின்றுவிடும். தாழ்ந்த ஒலியை அடக்குவது அந்த வேலைதான்.

இன்னொன்று ஒரு வாடிக்கையாளர் எட்டு மாசம் ஓட்டிவிட்டுக் கழற்றிய லோக்கல் சைலன்சர். ஒரு முனையில் கண்ணை வைத்தால் மறுமுனையில் தெரு தெரிந்தது. ஓட்டை போட்ட ஒரே ஒரு நேர்க்குழாய், சுற்றிலும் கிளாஸ் வூல் இருந்திருக்க வேண்டிய இடம். அங்கே இருந்தது ஒரு கைப்பிடி சாம்பல் நிறத் தூள். மீதியைப் புகையே ஊதி வெளியே தள்ளிவிட்டது. கிளாஸ் வூல் உறிஞ்சுவது கீச்சென்ற உயர்ந்த ஒலியை. அது போய்விட்டால் காதைக் கிழிக்கிற பகுதி அப்படியே வெளியே வரும். வாங்கிய வாரம் ‘தும் தும்’ என்று கம்பீரமாக இருந்தது, எட்டாவது மாசம் தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கியது போல ஆனது. நல்ல தயாரிப்பாளர்களின் சைலன்சரிலும் கிளாஸ் வூல் தேய்கிற பொருள்தான். திறந்து புதிதாக அடைத்துக்கொள்ள வழி வைத்திருப்பார்கள். மூடி வெல்டிங் வைத்துவிட்ட சைலன்சரில் அந்த வழியே கிடையாது.

பவர் விஷயத்துக்கு வருவோம். கூடும் என்ற நம்பிக்கை வந்ததில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டியில் சைலன்சர் பாதி இன்ஜின் மாதிரி. அந்த வயிறு பெருத்த பைப்புக்குள் அலை போய்த் திரும்பி வந்து, சிலிண்டரிலிருந்து நழுவும் புதுப் பெட்ரோல் கலவையை உள்ளேயே தள்ளிவிடும். அங்கே பைப்பை மாற்றினால் வண்டியே மாறும். உங்கள் வண்டியில் அந்த வேலையைச் செய்ய வால்வு இருக்கிறது. 20.2 பிஎச்பி இன்ஜினில் சைலன்சரை மட்டும் மாற்றி உட்கார்ந்த இடத்தில் உணரும்படி எதுவும் கூடாது. அதிகச் சத்தம் வேகமாகப் போவதாக ஒரு உணர்வைத் தரும், அவ்வளவுதான். பைப் விட்டம் அளவுக்கு மீறினால் புகையின் வேகம் குறைந்து, கீழ் சுற்றில் இழுவை குறையும். ‘இன்ஜினுக்கு பேக் பிரஷர் தேவை’ என்று பலர் இதற்குக் காரணம் சொல்வார்கள். இன்ஜினுக்குத் தேவை புகை ஓடும் வேகம். அடைப்பு எந்த இன்ஜினுக்கும் நல்லது செய்யாது.

இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து வரும் பென்ட் பைப்பை மட்டும் தொடாதீர்கள். ஆக்சிஜன் சென்சாரும் நச்சுப்புகையை மாற்றும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் இருக்கும் பாதை அது. ‘கேட்டை (அந்தக் கன்வர்ட்டரை) எடுத்துவிட்டு ஃப்ரீ ஃப்ளோ (தடுப்பில்லாத பைப்) போடலாம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இசியு அந்த அமைப்பை நம்பித்தான் பெட்ரோலை அளக்கிறது. திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) விடும்போது பட்டாசு வெடிப்பதை ஸ்டைல் என்கிறார்கள். எரியாத பெட்ரோல் சூடான பைப்பில் காற்றோடு சேர்ந்து வெடிப்பது அது. பல நேரம் பைப் இணைப்பை இறுக்கும் கிளாம்ப் சரியாக உட்காராமல் காற்று உள்ளே போவதன் அறிகுறியும்கூட. மைலேஜைப் பொறுத்தவரை நான் கண்டது, குறைவதற்குப் பாதிக் காரணம் வலது கை. சத்தம் கேட்க வேண்டும் என்றே முறுக்குகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு நம் நாட்டில் ஒலி வரம்பு 80 டெசிபல். ஓடுபாதையில் வண்டி முடுக்கிக் கடக்கும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கிறார்கள். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் இல்லை. 80 என்பது 90 ஆனால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி ஒலி, காற்று மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்; லைசென்ஸும் மூன்று மாதம் போகலாம். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்ததற்கு 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ தனி. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. சில ஊர்களில் பிடித்த சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியிருக்கிறார்கள்.

சைலன்சர் மீது ‘இ’ முத்திரை இருக்கிறது, ஐரோப்பிய அனுமதி என்று கடைக்காரர் காட்டுவார். அது ஐரோப்பாவில் குறிப்பிட்ட மாடலுக்கு, உள்ளே சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லர் என்ற செருகல் இருக்கும்போது மட்டும். இங்கே செல்லாது. மாற்றியே தீருவேன் என்றால், ராயல் என்ஃபீல்டு டீலரிடம் போய் உங்கள் மாடலுக்கென்று கம்பெனியே தரும், சாலையில் ஓட்ட அனுமதி பெற்ற சைலன்சர் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் அதை பில்லில் எழுதி வாங்குங்கள். வாரன்டிக்கும் அந்த பில்தான் பேசும். சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ மலிவாகக் கிடைக்கிறதே என்று போக வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் அம்மா தோசைக்கல்லை வைத்தது சத்தம் பெரிதாக இருந்ததால் மட்டும் இல்லை. அது அப்பாவின் சத்தம் என்று தெரிந்ததால். தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும். சைலன்சரை மாற்றி உரக்க விட்டால், ராத்திரி பதினோரு மணிக்கு பக்கத்து வீட்டுத் தொட்டில் குழந்தைக்கும் அது கேட்கும். கம்பெனி சைலன்சர் போட்ட அந்தப் பழைய புல்லட் தெருவில் யாரையும் எழுப்பியிருக்காது.

இப்போது கொட்டகைக்கு வருவோம். சைலன்சருக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே போடுங்கள். பதினொரு வருஷம் நின்ற வண்டி என்றால் பயப்பட வேண்டாம், இந்த இன்ஜின் பொறுமைசாலி. அவசரப்பட்டு உதைக்க மட்டும் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பிஸ்டன் நகர்ந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. டேங்க்கில் துரு, கார்புரேட்டரில் பழைய பெட்ரோலின் பிசின், பாயின்ட்டில் பச்சை, வெடித்த டயர், செத்த பேட்டரி, இவை எல்லாம் நிச்சயம் இருக்கும். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றாமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஆர்சி புதுப்பித்தல், இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டுக்கு வர வேண்டாம். வார்ப்பிரும்பு இன்ஜின் தெரிந்த வயசான மெக்கானிக் திண்டுக்கல்லில் கண்டிப்பாக இருப்பார், தேடுங்கள். ஐடிலிங்கை அவர் சொல்கிற அளவுக்குக் கீழே இறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ரொம்ப இறக்கினால் ஆயில் பம்ப் மெதுவாகி மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கருக்கு ஆயில் சரியாகப் போகாது.

எல்லாம் ஆனதும் உதைக்கிற முறை அப்பாவுக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள். சாவியைப் போட்டுவிட்டு, ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். இடப்பக்கம் சாய்ந்திருக்கும் முள் ஓரிடத்தில் நடுவுக்கு வந்து நிற்கும். காலுக்கும் கம்ப்ரஷனின் முரண்டு தெரியும். அங்கே நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு விரற்கடை கீழே தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வர விடுங்கள். திராட்டிலைத் தொடாதீர்கள். அப்புறம் முழு உடம்புப் பாரத்தையும் கொடுத்து ஒரே உதை, பாதியில் காலை எடுக்காமல். எடுத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். பிடித்துக்கொண்டதும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். ஐந்து நிமிஷம் சூடாகட்டும். அதன் பிறகு ஐடிலிங்கில் விட்டுவிட்டு நான்கடி தள்ளி நின்று கேளுங்கள், அப்பாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.