தொட்டிக்கு பெயின்ட், வேருக்குக் காற்று

பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் புதுவீட்டுக்கும் பிறந்த நாளுக்கும் இப்போதெல்லாம் ஆர்க்கிட் தொட்டியைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். கடிதங்களும் அதைப் பற்றியே அதிகம் வருகின்றன. கிருஷ்ணகிரியில் என் வீட்டு மாடியில், பச்சை வலைக்கு அடியில் வளர்ப்பதை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, மகள் பெங்களூருவிலிருந்து வாங்கி வந்த ஆர்க்கிட், வெள்ளைப் பீங்கான் தொட்டியில் அழகாக இருந்தது. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். பூ உதிர்ந்துவிட்டது, இலையும் துவள்கிறது. இன்னும் தண்ணீர் வேண்டுமா?
*– வாசகி, பாலக்கோடு*

வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது ஃபெலனாப்சிஸ் என்ற வகை. பீங்கான் தொட்டிக்குள் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் கப் இருக்கும். அதை வெளியே தூக்கிப் பாருங்கள். பீங்கானின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்தப் பரிசுத் தொட்டிகள் பெரும்பாலானவற்றில் அடியில் ஓட்டையே இருப்பதில்லை.

இப்போது வேரைக் கவனியுங்கள். ஆர்க்கிட் வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை உண்டு. காய்ந்திருக்கும்போது அது வெள்ளி நிறமாக இருக்கும். தண்ணீர் பட்டதும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறும். அந்த இரண்டு நிறமும் நல்ல வேரின் நிறம். பழுப்பாகி, விரலால் அழுத்தினால் நசுங்கி, உறை மட்டும் கழன்று உள்ளே நூல் போல ஒரு நரம்பு நின்றால் அது அழுகிய வேர். வேர் அழுகினால் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீர் ஊற்ற ஊற்ற இலை துவள்கிறது.

நெருப்பில் காட்டிய கத்தரிக்கோலால் அழுகியதை மட்டும் வெட்டி எடுங்கள். வெட்டிய முனையில் சமையலறைப் பட்டையைப் பொடித்து லேசாகத் தொட்டு வையுங்கள். நல்ல வேரில் அது படக்கூடாது, காய்ந்துவிடும். வேர்களுக்கு நடுவில் அடைத்திருக்கும் காய்ந்த பாசியை முழுக்க எடுத்துவிட்டு, மரக்கரித் துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்து நடுங்கள். மண் ஒரு பிடிகூட வேண்டாம். அப்புறம், வேர் வெள்ளி நிறமான பிறகுதான் அடுத்த தண்ணீர். இலைகளுக்கு நடுவே குருத்தில் தண்ணீர் நின்றால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். குருத்து அழுகினால் அந்தச் செடியைக் காப்பாற்றுவது மிகவும் கடினம்.

பூ உதிர்ந்ததற்கு வருந்த வேண்டாம். நன்றாக வைத்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் அது உதிரும், செடி இருந்தால் மறுபடி பூக்கும்.

பிள்ளைகளோடு சேர்ந்து மண் தொட்டிகளுக்கு பெயின்ட் அடித்து மாடியில் வைத்தோம். கொஞ்ச நாளிலேயே பெயின்ட் கொப்பளித்து, வெள்ளையாகப் பூத்து உரிகிறது. நல்ல பெயின்டாக வாங்கினால் நிற்குமா? ஆர்க்கிட்டுக்கும் இதே போலத் தொட்டி செய்யலாமா?
*– வாசகி, காவேரிப்பட்டணம்*

நல்ல பெயின்ட் வாங்கினாலும் உரியும். சுட்ட மண் முழுக்க நுண்ணிய துளைகள். உள்ளே ஊற்றும் தண்ணீர் அவற்றின் வழியாகக் கசிந்து வெளிச்சுவரில் ஆவியாகிறது, தொட்டி குளிர்ச்சியாக இருப்பது அதனால்தான். வெளியே பெயின்ட் பூசி வழியை அடைத்தால் அந்த ஈரம் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வரும். வெள்ளையாகப் பூப்பது நம் போர்த் தண்ணீரில் உள்ள உப்பு.

ஆனால் ஆசையை விட்டுவிடாதீர்கள். அலங்கரித்த தொட்டி வாசலில் இருந்தால் வீட்டுக்கே ஒரு களை வந்துவிடுகிறது, பிள்ளைகளுக்கும் அது தங்கள் செடி என்ற எண்ணம் வருகிறது. முழுத் தொட்டிக்கும் அடிக்காமல், விளிம்பும் அதற்குக் கீழே நான்கு விரல் அகலமும் மட்டும் அடியுங்கள். புதுத் தொட்டியை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, ஈரம் துளியும் இல்லாத வரை வெயிலில் காயவைத்த பிறகு தொடங்குங்கள். நான் செங்காவி நிறத்தை அடியில் கொடுத்து, அதன் மேல் வெள்ளை அக்ரிலிக்கில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தைப் பட்டையாகச் சுற்றி இழுப்பேன். பொங்கலுக்கு வாசலில் போடும் கோலத்தையே தொட்டியிலும் பார்க்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. மீதிப் பகுதி வெறும் மண்ணாகவே இருக்கட்டும். அந்த மண் நிறத்தை விட அழகான பின்னணி எந்தக் கடையிலும் கிடைக்காது. தங்க நிற ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள், பூ எடுபடாமல் போகும். மாடி வெயிலில் கறுப்பும் கருநீலமும் வேண்டாம், சூட்டை இழுத்து வேரைச் சுடும்.

ஆர்க்கிட் தொட்டிக்கு இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, உட்சுவரில் பெயின்ட் படவே கூடாது. வேர் அந்தச் சுவரில்தான் ஒட்டிப் படரும். இரண்டு, அடியில் மட்டுமல்ல, பக்கச் சுவரிலும் துளை வேண்டும். சுட்ட தொட்டியைத் துளைத்தால் கீறல் விடும். மண்பாண்டம் செய்பவரிடம் முன்பே சொல்லிவிட்டால், சூளைக்குப் போகும் முன் பச்சை மண்ணிலேயே வட்டமாகவும் இலை வடிவிலும் வெட்டிக் கொடுப்பார். அந்தத் துளைகளே பெரிய அலங்காரம்தான். துளைக்கு வெளியே வெள்ளி நிற வேர் எட்டிப் பார்க்கும் தொட்டிக்குப் பெயின்டே தேவைப்படாது.

உடைந்த டைல்ஸ் துண்டுகளை ஒயிட் சிமென்ட்டில் பதித்தும் செய்யலாம். சிமென்ட்டின் காரம் வேரைத் தாக்கும், அதனால் நடுவதற்கு முன் சில நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். செம்புப் பாத்திரத்தில் வைத்தால் பார்வையாக இருக்கும்தான், ஆனால் செம்பு ஆர்க்கிட் வேருக்கு நஞ்சு. நேரடியாக அதில் நடாதீர்கள்.

டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் வாங்கி வராந்தாவில் வைத்திருக்கிறேன். இலை கரும்பச்சையாகச் செழித்திருக்கிறது, பூவே இல்லை. இலை கொட்டிய பழைய தண்டுகளை வெட்டிவிடலாமா?
*– வாசகர், ஓசூர்*

கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். 50 சதவீத நிழல் வலைக்கு அடியில், காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். இலை இளம்பச்சைக்கு வரும், பூவும் வரும். பழைய தண்டில் கை வைக்காதீர்கள். இலை இல்லாத தண்டுதான் செடியின் சேமிப்பு, பல சமயம் பூங்கொத்தும் அதிலிருந்தே வரும். சுருங்கிக் காய்ந்து போனதை மட்டும் வெட்டலாம்.

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் மார்கழி இரவுகளில் டென்ட்ரோபியத்தைச் சுவரோரமாக உள்ளே வையுங்கள், 15 டிகிரிக்குக் கீழே அது வாடும். ஆனால் ஃபெலனாப்சிஸுக்கு உங்கள் ஊர் வரம். சில வாரங்கள் இரவு வெப்பம் 18 டிகிரியை ஒட்டி இறங்கினால்தான் அது பூந்தண்டு விடும். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அதற்குக் குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் மாந்தோப்பில் பழைய மரங்களில் தடித்த இலையோடு ஒரு செடி ஒட்டி வளர்ந்திருக்கிறது. புல்லுருவி என்று சொல்லி வெட்டச் சொல்கிறார்கள். பூத்தால் மணமாக இருக்கிறது. என்ன செய்ய?
*– வாசகர், ஊத்தங்கரை*

தயவுசெய்து வெட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது வாண்டா டெசெல்லேட்டா, நம் மண்ணின் ஆர்க்கிட். இதழில் பச்சையும் பழுப்புமாகக் கட்டம் போட்டிருக்கும், நடுவிதழ் நீலமும் ஊதாவும் கலந்திருக்கும். பெங்களூரு கடைகளில் விலை கொடுத்து வாங்குவதன் சொந்தக்காரச் செடி உங்கள் தோப்பில் தானாக வளர்ந்திருக்கிறது.

புல்லுருவி கிளைக்குள் வேரைச் செலுத்தி மரத்தின் சத்தை உறிஞ்சும். அதை வெட்டத்தான் வேண்டும். ஆர்க்கிட்டின் வேர் பட்டையின் மேலே மட்டும் படர்ந்திருக்கும், மழைநீரும் காற்றின் ஈரமும் பட்டையில் சேரும் தூசியும்தான் அதற்கு உணவு. மரத்துக்கு இடம் கொடுத்த செலவு மட்டுமே. ஒரு வேரை மெல்லத் தூக்கிப் பாருங்கள், பட்டைக்கு மேலாகவே கழன்று வந்தால் அது ஆர்க்கிட்.

அதன் விதை தூசி போன்றது. உள்ளே சேமித்த உணவு இல்லை, ஒரு வகைப் பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். ஒரு மரத்தில் அது வளர்ந்து பூப்பது அவ்வளவு அரிது. காற்றில் கிளை முறிந்து விழுந்தால், செடியை எடுத்து வேறு மரத்தில் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிவிடுங்கள். காப்புக்காட்டிலிருந்து மட்டும் யாரும் பிடுங்கி வரக்கூடாது, அது சட்டப்படி குற்றம். நாட்டு ஆர்க்கிட்டுகளை நிறையப் பார்க்க ஆசையென்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

ஆர்க்கிட்டுக்குப் போர்த் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி கருகுகிறது. சாணி எரு போட்டால் சரியாகுமா?
*– வாசகி, பென்னாகரம்*

எரு வேண்டாம், கரியின் இடுக்கில் அடைத்துக்கொண்டு வேரை அழுகவைக்கும். கருகலுக்குக் காரணம் தண்ணீரில் உள்ள உப்புதான். நம் இரு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் உப்பும் ஃப்ளோரைடும் அதிகம், குடிக்க ஒகேனக்கல் தண்ணீரைக் கொண்டுவந்ததே அதற்காகத்தானே. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை ஊற்றவே ஊற்றாதீர்கள், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. மாடியில் ஒரு டிரம் வைத்து மழைநீரைப் பிடியுங்கள். ஏ.சி. தண்ணீரும் ஆகும். அது தீர்ந்தால், குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். உரம் என்றால் தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 போதும், லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை, முதலில் வேரை நனைத்துவிட்டு.