இரண்டாம் ராம்செஸ் கண்காட்சி: கேட்டீர்கள், சொல்கிறேன்

சிட்னியில் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் 2023 நவம்பர் முதல் 2024 மே வரை நடந்த, மூவாயிரம் வருடத்துக்கும் முன்னால் எகிப்தை ஆண்ட பார்வோன் (மன்னர்) இரண்டாம் ராம்செஸ் பற்றிய கண்காட்சியை மூன்று தடவை போய்ப் பார்த்தேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, மம்மியை நேரில் பார்த்தீர்களா?

இல்லை. அது கெய்ரோவில்தான் இருக்கிறது. 2021 ஏப்ரல் 3 அன்று 22 அரச மம்மிகளை ஊர்வலமாகக் கொண்டுபோய் எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தில் வைத்தார்களே, அதில் இவரும் ஒருவர். சிட்னிக்கு வந்தது அவரைக் கிடத்தியிருந்த சவப்பெட்டி மட்டும்.

வெறும் பெட்டியைப் பார்க்கவா மூன்று தடவை?

ஆமாம், அந்தப் பெட்டிக்காகத்தான். தங்க நகைகளும் சிலைகளுமாக 180க்கும் மேற்பட்ட பொருட்கள் இருந்தன. ஆனால் நான் அதிக நேரம் நின்றது இந்தப் பெட்டியின் முன்னால். தேவதாரு மரம். மார்பில் குறுக்காக மடித்த கைகளில் செங்கோலும் சாட்டையும். பொன் மினுக்கம் எதுவும் கிடையாது. முதலில் இது அவருக்காகச் செய்யப்பட்டதே அல்ல.

66 ஆண்டுகள் ஆண்ட அரசருக்கு இரவல் பெட்டியா என்று தோன்றும். மன்னர்களின் பள்ளத்தாக்கில் இருந்த அவருடைய கல்லறையைத் திருடர்கள் சூறையாடினார்கள். அப்புறம் பூசாரிகள் உடலை எடுத்து, இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றினார்கள். அவரை எப்போது இடம் மாற்றினோம் என்று பெட்டியின் மேலேயே கறுப்பு மையில் எழுதியும் வைத்தார்கள். அந்தக் கையெழுத்து இன்னும் தெரிகிறது. மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் பயந்துகொண்டே வேலை பார்த்த யாரோ ஒருவர் எழுதியது! எனக்குத் தங்கத்தைவிட அதுதான் பெரிது.

கடைசியில் அந்தப் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் உள்ள தெய்ர் எல் பஹ்ரி என்ற இடத்தருகே ஒரு பாறைக் குழியில், 50க்கும் மேற்பட்ட உடல்களோடு இவரையும் மறைத்து வைத்தார்கள். உள்ளூர் அப்துல் ரசூல் குடும்பம் அதை முதலில் கண்டுபிடித்து, பொருட்களைச் சத்தமில்லாமல் விற்றுவந்தது. 1881இல் விஷயம் வெளியே வந்ததும் எல்லாவற்றையும் அவசரமாக எடுத்து நைல் வழியாகப் படகில் கெய்ரோவுக்கு அனுப்பினார்கள். கரையோர ஊர்களில் பெண்கள் ஒப்பாரி வைத்தார்களாம்.

மூக்கில் மிளகு இருந்தது உண்மையா? அது நம்ம மிளகுதானே?

உண்மை. மூக்கு அமுங்காமல் இருக்க உள்ளே அடைத்த பொருட்களில் மிளகும் இருந்தது. மிளகுக்குத் தாய்நிலம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஆகவே தென்னிந்தியாவிலிருந்துதான் போயிருக்க வேண்டும். ஆனால் "தமிழர் கப்பலில் போனது" என்று எழுதிவிடாதீர்கள். எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே துறைமுகத்தில் இந்திய ஜாடியில் கிடைத்த ஏழரைக் கிலோ மிளகையும், அதே கரையில் குசேர் அல் கதிம் துறைமுகத்தில் கிடைத்த தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓட்டையும் பலர் இதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அவை ரோமானியர் காலத்தவை, ராம்செஸுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் பிந்தியவை. நமக்குப் பெருமைப்பட அவையே போதும்.

அவருக்கு பாஸ்போர்ட் கொடுத்தார்களாமே?

இணையத்தில் சுற்றும் பாஸ்போர்ட் படம் பிற்காலத்தில் கற்பனையாக வரைந்தது. பயணம் நிஜம். உடலில் பூஞ்சை பிடித்ததால் 1976 செப்டம்பரில் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். இராணுவ மரியாதையோடு வரவேற்றார்கள். காமா கதிர்வீச்சு கொடுத்துப் பூஞ்சையை அழித்து 1977இல் திருப்பி அனுப்பினார்கள்.

மோசே காலத்துப் பார்வோன் இவர்தானா? உடலில் உப்பு இருந்ததால் கடலில் மூழ்கியவர் என்கிறார்களே.

மோசேயைத் துரத்திய அந்த மன்னரின் பெயரை வேதாகமமும் குர்ஆனும் சொல்லவில்லை. உப்பு விஷயம் எளிது. உடலைப் பதப்படுத்த நாற்பது நாள் அளவுக்கு நேட்ரான் என்ற உப்பில் புதைத்து உலர்த்துவார்கள். அதனால் எந்த மம்மியிலும் உப்பு இருக்கும். இவர் தொண்ணூறு வயதை ஒட்டி, மூட்டுவாதமும் பல் சீழுமாக அவதிப்பட்டு இறந்த முதியவர்.

காதேஷ் போரில் ஜெயித்தாரா?

கோயில் சுவர்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் இன்றைய சிரியாவில் இருந்த காதேஷ் நகரம் அவர் கைக்கு வரவில்லை. சுமார் பதினைந்து வருடம் கழித்து, அந்தப் போரில் எதிரிகளாக நின்ற ஹிட்டைட்டுகளோடு (இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்டவர்கள்) போட்ட சமாதான உடன்படிக்கைதான் என் பார்வையில் அவருடைய பெரிய வெற்றி.

கெய்ரோவில் ஒரு நாள்தான் இருப்போம். எங்கே போவது?

காலையில் கீசாவில் கிராண்ட் எகிப்திய அருங்காட்சியகம். நுழைந்ததுமே அவருடைய பிரம்மாண்டமான சிலை நிற்கும். மதியம் ஃபுஸ்தாத் பகுதிக்குப் போய், நான் முன்னால் சொன்ன நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தின் மம்மி கூடம். அங்கே படம் எடுக்க விடமாட்டார்கள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு ராம்செஸின் தலைமுடியைக் கவனியுங்கள், செம்மஞ்சள் நிறம் இன்னும் போகவில்லை.