அம்மாவின் சினைப்பைக் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. தேவையா?

சகோதரி, அம்மாவுக்கு 58 வயது, இடது சினைப்பையில் 7 செ.மீ. கெட்டிக் கட்டி, வயிற்றில் நீர், சினைப்பைப் புற்றில் ஏறக்கூடிய சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை அளவு வேறு 180, இது புற்றுநோய்தானே, இனி எம்.ஆர்.ஐ. எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபைப்ரோமா என்ற நார்க்கட்டி இருக்கிறது, அரிதுதான், ஆனால் புற்றுநோய் இல்லை. அதோடு வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் நீர் கோத்தால் மெய்க்ஸ் சிண்ட்ரோம் என்பார்கள். அதில் சிஏ-125 கூட ஏறலாம், கட்டியை எடுத்தால் நீர் வற்றிவிடும். என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கட்டிக்குப் பின்னால் நிழல் விழுவதாக எழுதியிருக்கிறதா, பாருங்கள், நார்க்கட்டியில் அப்படி விழுவதுண்டு. எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் பல வகைப் படங்களில் ஒன்றான டி2 படத்தில் நார்க்கட்டி பொதுவாக நல்ல கறுப்பாக இருக்கும், மருந்து ஏற்றினாலும் மெதுவாகத்தான் வெளுக்கும். புற்றுக்கட்டி பெரும்பாலும் சாம்பல் நிறமாக இருந்து சட்டென்று வெளுக்கும். கர்ப்பப்பையிலிருந்து காம்போடு தொங்கும் ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டியும் கறுப்புதான், அதனால் இடது சினைப்பை கட்டியிலிருந்து தனியாகத் தெரிகிறதா என்று கட்டாயம் கேளுங்கள், தெரிந்தால் கட்டி சினைப்பையுடையதாக இல்லாமல் இருக்கலாம்.

எடுத்த கட்டியைச் சோதித்தால்தான் உறுதியாகும், ஆனால் ஆபரேஷன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று திட்டமிட இந்தப் படம் வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்களா?